கட்டிவைத்த மிதவை

2012ஆம் ஆண்டு ஜூன் பன்னிரண்டாம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை.

குறுவை போயிற்று. செப்டம்பர் நடுவில் ஒருவழியாக அணையைத் திறந்தார்கள். தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது, வெண்ணாற்றில் இறங்கிவிட்டது என்று பேப்பரில் தினமும் வந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே கிடக்கும் கீழப்பனையூருக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. வாய்க்காலின் அடியில் நண்டு வளைகள் காய்ந்து வாய் பிளந்து கிடந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் கரையில் ஏறாமல் வாய்க்காலுக்குள்ளேயே நடந்து போனார்கள்.

அந்தப் புரட்டாசியில் அந்த ஊரில் பச்சையாக இருந்த நாற்றங்கால் ஒன்றுதான். அது காத்தாயி வீட்டுக் கொல்லையில் இருந்தது.

காத்தாயியின் புருஷன் ஐயாவு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர், குத்தகைக்குச் செய்துவந்தார். நிலம் மன்னார்குடியில் இருக்கும் பஞ்சநதத்தினுடையது. ஐயாவின் அப்பா அரசப்பன், பஞ்சநதத்தின் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். குத்தகைப் பதிவில் அரசப்பன் பேர் ஏறியது சும்மா நடக்கவில்லை. அதற்கு முந்திய அறுவடையில் களத்துக்குப் போலீஸ் லாரி வந்தது, அரசப்பனுக்கு முன்பல் இரண்டு போனது. பிறகு அந்தப் பதிவு மகன் பேருக்கு வந்தது. ஐயாவுக்கு ஒரு வருஷம் முழங்கால் முறிந்து கிடக்க, மறுவருஷம் தண்ணீர் வராமல் போக, இரண்டு சம்பா தொடர்ந்து தரிசாய்ப் போயிற்று. ஐயாவு சாகுபடியைக் கைவிட்டுவிட்டார், நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று பஞ்சநதம் வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார். சாலையோரத்து நிலம். மனைக்கு அளந்து விற்க ஆள் தயாராக இருந்தது.

வக்கீல் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்தச் சம்பாவ நட்டுக் காட்டுங்க. வயல்ல பயிர் நின்னா இந்தக் கேசு நிக்காது. பயிர் நிக்கலேன்னா நான் நின்னு பிரயோசனம் இல்ல."

நட நாற்று வேண்டும். நாற்றுக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே போர்செட்டு பஞ்சநதத்தினுடையது.

மகன் ரெத்தினம் குவைத்தில் டிரைவர். அவன் அனுப்பியதில் கட்டிய வீடு. கொல்லைப்புறத்தில் நாலு கான்கிரீட் கால் நிறுத்தி மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தான். கீழே அரைக் குதிரைச் சக்தி மோட்டார். மணல்பாங்கான திடல் என்பதால் இருபதடி ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறியது. தொட்டி காலியானால் தானே ஓடவும் நிறைந்தால் தானே நிற்கவும் உள்ளே ஒரு மிதவை சுவிட்ச் தொங்கியது. ஆரஞ்சு நிறத்தில், பெரிய மாங்காய் அளவு. ஊரில் அதைப் பந்து என்பார்கள்.

வீட்டுக் கரண்டில் வயலுக்குத் தண்ணீர் விட்டால் மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மோட்டாரிலிருந்து நேராகக் குழாய் இழுத்தால் ஊரே பார்க்கும். ஐயாவு இரண்டு நாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பீடி குடித்தார். மூன்றாம் நாள் நைலான் கயிறும் அரைச்செங்கல்லும் எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார்.

"என்னய்யா பண்ணப்போற?" என்றாள் காத்தாயி கீழிருந்து.

"பந்த அமுக்கி வைக்கப்போறேன்."

"அமுக்குனா?"

"தொட்டி காலியாருக்குன்னு அது நெனச்சுக்கும். கரண்டு வர்ற நேரமெல்லாம் மோட்டார் ஓடும். தொட்டி ரொம்பி வழியும். வழியுற எடத்துல ஒரு ஓஸ் பைப்ப மாட்டி நாத்தங்காலுக்கு வுட்டுரு. எவனாவது கேட்டா, தொட்டி வழிஞ்சுதுங்க, நாங்க கவனிக்கலங்கன்னு சொல்லிரலாம். தொட்டி வழியுறது குத்தமா?"

பக்கத்து வீட்டுப் பக்கிரி வேலிக்கு மேல் தலையை நீட்டினார். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். கரை வேட்டி கட்டாத நாளில் அவரை ஊரில் யாரும் அடையாளம் கண்டதில்லை.

"என்ன மச்சான், தொட்டிக்குக் கல்லக் கட்டுற? கெணத்துல வுழுறவன்தான் கல்லக் கட்டிக்குவான்."

"ஒங்க ஆட்சி லட்சணத்துல கெணத்துல வுழுந்தாலும் சாவ முடியாது மாப்ள. தண்ணி எங்க இருக்கு?"

"கேலி பேசு. மிக்சி கிரைண்டர் வரும்போது வரிசையில மொத ஆளா நிப்ப."

"கரண்டையும் கூடவே ஒரு டப்பால போட்டுக் குடுக்கச் சொல்லு."

அந்த நாட்களில் மின்சாரம் ஒரு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். போவதும் வருவதும் சோறு வடிப்பதுபோல நேரத்துக்கு நடந்தன. ஜனங்கள் அதை வைத்தே பொழுதைக் கணக்கிட்டார்கள். மாவு அரைப்பவர்கள், தையல் மிஷின்காரர்கள், செல்லுக்குச் சார்ஜ் போடுபவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் வாழ்வு. எரிந்துபோன பல்பை மாற்றுவது, சுவிட்சைப் பிரித்துத் துடைப்பது போன்ற வேலைகளுக்குக் கரண்டு போன நேரத்தை வைத்துக்கொண்டார்கள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கும் வழக்கமே விட்டுப்போயிற்று. அரசாங்கமே பிடுங்கி வைத்திருக்கும்போது நாம் எதற்குத் தனியாகப் பிடுங்குவது என்று பக்கிரியே சிரிப்பார்.

ஐயாவின் கணக்கு பலித்தது. கரண்டு வந்ததும் மோட்டார் உறுமும். சற்று நேரத்தில் தொட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஓசுக் குழாயில் இறங்கி நாற்றங்காலில் பரவும். முளை கட்டித் தெளித்திருந்த ஆந்திரா பொன்னி ஒரு வாரத்தில் விரல் நீளம் வந்தது. காலையில் எழுந்ததும் இருவரும் முதலில் கொல்லைக்குத்தான் போனார்கள். சுற்றிலும் ஊரே சாம்பல் நிறத்தில் கிடக்க, நடுவில் அந்தப் பச்சையைப் பார்த்தால் காத்தாயிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. கொக்குகள் எங்கிருந்தெல்லாமோ தேடி வந்து வேலியில் உட்கார்ந்தன. கொக்குக்குத் தெரிந்தது மன்னார்குடிக்குத் தெரியாமல் இருக்குமா?

பிறகு கோழி செத்தது.

தொட்டிக்குக் கீழே மாட்டுக்குச் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. மேலிருந்து வரும் இரும்புக் குழாய் அதன் தலைமாட்டில் முடியும். அங்கே ஒரு பித்தளைத் திருகு. குழாயடி ஈரத்தில் முட்டையிடும் பெட்டை ஒன்று காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. உடம்பில் காயமில்லை. வாயில் நுரை இல்லை.

ஐயாவு அதைக் காலால் புரட்டிப் பார்த்தார். "மருந்து வச்சிட்டானுவோ."

"யாரு?"

"யாரா? நாத்து பச்சையா நின்னா எவன் வயிறு எரியுமோ அவன்."

"அந்த மனுசன் மன்னார்குடியிலேந்து வந்து கோழிக்கா மருந்து வைப்பாரு?"

"கோழிக்கு வைக்கல. தண்ணிக்கு வச்சிருக்கான். நம்மளுக்கு வச்சிருக்கான். எங்கப்பனோட பல்லு போனது தெரியும்ல ஒனக்கு? அது இதே மாதிரிதான் ஆரம்பிச்சிது. மொதல்ல அவரோட நாயி செத்துது."

கோழியைக் குழம்பு வைக்காமல் குழிதோண்டிப் புதைத்தார்கள். அன்று முழுக்க ஐயாவு கொல்லை வாசலில் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் செவலைப் பசு தண்ணீர்த் தொட்டிவரை போனது. மூக்கை நீட்டியது. சட்டென்று தலையை உதறிக்கொண்டு பின்னால் போய் நின்று மூச்சு விட்டது. காத்தாயி கொம்பைப் பிடித்து இழுத்தாள். அது முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது.

"பாத்தியா? வாயில்லா ஜீவனுக்குத் தெரியுது," என்றார் ஐயாவு.

காத்தாயி ரப்பர் செருப்போடு நின்று அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடிக்கவும் கரண்டு போயிற்று. மேலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து நிரப்பினாள். பசு வந்து ஒரே மூச்சில் பாதித் தொட்டியைக் குடித்தது. மருந்து போய்விட்டது என்று இருவரும் நிம்மதியாகப் படுத்தார்கள்.

மறுநாள் காலை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது பசு மறுபடி மறுத்தது. மோட்டார் நின்றதும் குடித்தது. அதே தண்ணீர்தான், யாரும் மாற்றவில்லை. மத்தியானமும் அப்படியே நடந்தது. காத்தாயி வேலையை விட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாட்டையும் மோட்டாரையும் மாறிமாறிப் பார்த்தாள். கரண்டு வந்து ஓடிக்கொண்டிருந்தபோது, ரப்பர் செருப்புக் காலோடு போய்ப் பித்தளைத் திருகை ஒரு விரலால் தொட்டாள். கட்டெறும்பு கடித்தாற்போல ஒன்று விரலிலிருந்து முழங்கைக்கு ஓடியது.

அவள் அதை ஐயாவிடம் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மீரா உசேனின் கடை திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில், எண்ணெய்ச் செக்குக்கு எதிரே. மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டுகிறவர். அந்த வருஷம் மின்சாரம் வந்தும் போயும் ஏறியும் இறங்கியும் ஊர் ஊராக மோட்டார்கள் எரிந்துகொண்டிருந்தன. கடை வாசலில் எரிந்த மோட்டார்கள் ஆஸ்பத்திரி வராந்தா போல வரிசையாகக் கிடந்தன. காத்தாயி வீட்டுத் தொட்டிக்கு வயர் இழுத்தவரும் அவர்தான்.

"வாங்கக்கா. மோட்டார் போச்சா?"

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது பாய். மாடுதான் தண்ணி குடிக்க மாட்டேங்குது."

"மாட்டு டாக்டர் அந்தாண்ட தெருவுல்ல?"

அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. கயிறும் செங்கல்லும் என்றபோது செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து அவள் காதருகே ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது.

"கேக்குதா? இதுக்குள்ள ஒரு குண்டு இருக்கு. தண்ணி கொறஞ்சா பந்து தலகீழாத் தொங்கும். குண்டு உருண்டு சுவிட்ச அமுக்கும், மோட்டார் ஓடும். தண்ணி ஏறுனா பந்து நிமுந்து மெதக்கும், குண்டு இந்தாண்ட வந்துரும், மோட்டார் நிக்கும். இதோட அறிவு அவ்வளவுதான்க்கா. இது தண்ணியப் பாக்குறதில்ல. தான் தொங்குறோமா மெதக்குறோமான்னு மட்டுந்தான் பாக்கும். நீங்க தண்ணிக்குள்ளயே கல்லக் கட்டித் தொங்க வுட்டுட்டீங்க. தொட்டி வழிஞ்சு ஓடுது. அது இன்னும் காலின்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கு."

"அதுக்கு ஏன் மாடு பயப்படுது?"

"இந்த வயர்ல வர்றது பேட்டரிக் கரண்டு இல்ல. வூட்டுக்கு வர்ற முழுக் கரண்டு. கல்லு தண்ணியில ஆடி ஆடி வயரோட தோல அறுத்திருக்கும். நகக்கண்ணு அளவு செம்பு தெரிஞ்சாப் போதும், தொட்டித் தண்ணி பூராவும் கரண்டுதான். இரும்புக் குழா வழியா நேரா உங்க கைக்கு வந்துரும். மாட்டும்போதே சொன்னேனா இல்லயா? ஆறு மாசத்துக்கு ஒருக்கப் பாசிய வழிங்க, வயர் தோலத் தடவிப் பாருங்க, எர்த் குழியில தண்ணி ஊத்துங்கன்னு. எர்த்துக்கு எப்ப ஊத்துனீங்க?"

குடிக்க இருந்ததையெல்லாம் நாற்றுக்கு விட்ட வருஷத்தில், குழிக்குள் கிடக்கும் கரிக்கும் உப்புக்கும் யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

"காஞ்ச எர்த் கசியுற கரண்ட மண்ணுக்கு இழுக்காது, இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்," என்றார் மீரா உசேன். "போனதும் மொத வேலையா ஃபியூஸப் புடுங்குங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு நேரா வர்றேன். பந்தே வேணாம், கழட்டித் தூரப் போட்டுட்டு மோட்டார நேரா ஓட வுட்டுத் தர்றேன். நாத்துக்குத் தண்ணி பாயும்."

"இன்னிக்கே வரமாட்டீங்களா பாய்?"

அவர் வாசலில் கிடந்த மோட்டார்களைக் காட்டினார். "இதுல பாதி குடிதண்ணி மோட்டார்க்கா. பஞ்சாயத்துத் தலைவரு வாசல்லயே படுத்துக் கெடக்காரு."

அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஐயாவு நம்பாமல் இருக்கவில்லை. நம்பியதுதான் தொல்லையாகப் போயிற்று. அரிவாளைச் சுவரில் செருகிவிட்டு நாற்றங்கால் வரப்பில் போய்க் குந்தினார்.

"ஃபியூஸப் புடுங்குனா வெள்ளி வரைக்கும் தண்ணி இல்ல."

"ஆமா."

"மணல் தர. அடிக்கிற வெயில்ல நாளைக்கே நுனி கருகும். மறுநாளு வேரு போயிரும்."

"கொடத்துல தூக்குவோம்."

"எங்கேந்து? தெருவு அடிபைப்புல குடிக்கிற கொடத்துக்கே வரிசை நிக்கிது. அதுல நாத்துக்குத் தூக்குனா பக்கிரி பொண்டாட்டியே மயிரப் புடிச்சு இழுப்பா." அவர் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு தெரியாமயா இருக்கு? வர்ற நேரத்துல ஒருத்தரும் தொட வேண்டாம். போன நேரத்துல எல்லாத்தையும் முடிச்சுக்குவோம். மூணு பொழுது. மூணு பொழுது ஜாக்கிரதையா இருக்க முடியாதா?"

காத்தாயி மெயின் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கை ஃபியூஸ் கட்டைவரை போனது. கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓசிலிருந்து நாற்றுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாக நடந்தது. ஊரார் கரண்டு போனதும் மின்வாரியத்தைத் திட்டினார்கள். காத்தாயி அப்போதுதான் மூச்சு விட்டாள். தண்ணீர் பிடித்தாள், பாத்திரம் விளக்கினாள், மாட்டை அவிழ்த்துவிட்டாள். கரண்டு வந்ததும் தெருவில் டி.வி. சத்தமும் மிக்சி சத்தமும் எழும். அவள் மாட்டை இழுத்து வேலியோரம் கட்டுவாள், கோழிகளைக் கூடை போட்டு மூடுவாள், குழாயடிக்குக் குறுக்கே முள் கிளையை இழுத்துப் போடுவாள். அந்த ஒரு மணி நேரமும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. பித்தளைத் திருகு வெயிலில் பளபளத்துக்கொண்டு இருக்கும். அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும்.

"ராவுல கரண்டு வந்தா?" என்று கேட்டாள்.

"ராவுல யாரு குழாயத் தொறக்கப்போறா?"

"குவைத்திலேந்து போன் வந்துது. தொட்டி எப்படியிருக்குன்னு கேட்டான் ரெத்தினம்."

"என்ன சொன்ன?"

"ரொம்பி வழியுதுன்னு சொன்னேன்."

வியாழக்கிழமை மத்தியானம், கரண்டு போய்ச் சற்று நேரம் ஆகியிருந்தபோது, வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. பஞ்சநதம் இறங்கினார். டிரைவரைத் தவிர கூட யாரும் இல்லை. அறுபது வயதுக்கு மேலிருக்கும், சர்க்கரைக்காரர், மெலிந்த ஆள். அவருடைய அப்பா இந்தத் தெருவுக்குள் வந்ததில்லை, ஆள் அனுப்புவார். இவர் வருவார், பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், சௌக்கியம் விசாரிப்பார்.

"என்ன ஐயாவு, கால் எப்படி இருக்கு?"

"நடக்குதுங்க," என்றார் ஐயாவு. அரசப்பன் இருந்தால் 'ஆண்டே' என்று துண்டை இடுப்பில் கட்டியிருப்பார். ஐயாவின் துண்டு தோளிலேயே இருந்தது.

"நாத்து வுட்டிருக்கேன்னாங்க. எனக்கு நம்பிக்கையில்ல. ஆத்துல தண்ணியில்ல, வாய்க்கால்ல தண்ணியில்ல. சரி, நேர்ல பாத்துருவோம்னு வந்தேன்."

"பாருங்க."

காத்தாயி ஓசுக் குழாயை மணலால் மூடி வைத்திருந்தாள். ஆனால் ஈரத்தை எதைப் போட்டு மூடுவது? பஞ்சநதம் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினார். நாற்றைக் கையால் தடவினார். விவசாயக் குடும்பத்துக் கை, தடவியதிலேயே தெரிந்தது.

"நல்லாதான் வந்திருக்கு. எந்தத் தண்ணி?"

"தொட்டி வழிஞ்சுதுங்க. கவனிக்கல."

"இவ்வளவுமா வழிஞ்சுது?"

"பழைய பந்துங்க. சரியா வேல செய்யல."

பஞ்சநதம் சிரித்தார். திரும்பினார். வரப்பு ஊறிக் கிடந்தது. கால் சறுக்கி ஒரு பக்கமாக நாற்றுக்குள் இறங்கி, முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். ஐயாவு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வெள்ளை வேட்டி கறுத்துவிட்டது.

"அடப்பாவமே," என்றாள் காத்தாயி. வீட்டுக்கு வந்தவர் சேற்றுக் காலோடு போகலாமா? அது யாராக இருந்தாலும் அவள் வாயில் அதுதான் வரும். கரண்டு போய்த்தான் இருந்தது, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வராது. முள் கிளையை இழுத்துத் தள்ளினாள். "இந்தாண்ட வந்து கழுவிக்குங்க. குழாயில தண்ணி வரும்."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு குழாயடிக்கு நடந்தார்.

மோட்டார் உறுமியது.

தெருவில் யார் வீட்டிலோ டி.வி. பாட்டு பாதியிலிருந்து எழுந்தது. வீட்டுக்குள் காற்றாடி கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. கரண்டு வரக்கூடாத நேரத்தில் வந்திருந்தது. காத்தாயி ஐயாவைப் பார்த்தாள். ஐயாவுக்கும் கேட்டிருந்தது. அவர் பஞ்சநதத்தைப் பார்க்கவில்லை. நாற்றைப் பார்த்துக்கொண்டு, சேற்றுக் கையை அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். வாய் மூடியிருந்தது.

பஞ்சநதம் ஈர மணலில் கால் வைத்தார். திருகுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் காத்தாயி. "தொடாதீங்க, தண்ணியில கரண்டு இருக்கு!"

அவர் கை நின்றது. திருகுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கூடைக்குள்ளிருந்து கோழிகள் படபடத்தன.

"என்னது?"

"பின்னால வாங்க. இந்தப் பக்கம், காஞ்ச எடத்துக்கு வாங்க. தொட்டித் தண்ணியில கரண்டு எறங்குது."

அவர் பின்வாங்கினார். கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாட்டைப் பார்த்தார், முள் கிளையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேல் தொட்டியைப் பார்த்தார். நைலான் கயிறு மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து ஏணியில் முடிந்திருந்தது. நீல நிறக் கயிறு. விளிம்பிலிருந்து தண்ணீர் ஓசுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. மணலுக்கடியில் ஓசு பாம்புபோல ஒருமுறை நெளிந்து நாற்றங்கால் பக்கம் நீண்டது.

பஞ்சநதம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றுக் காலோடேயே காரில் ஏறினார். கதவைச் சாத்துமுன் ஒருமுறை காத்தாயியைப் பார்த்தார். டிரைவர் வண்டியைத் திருப்பினான்.

வேதாரண்யம் போகிற மந்திரி வழியில் திருத்துறைப்பூண்டியில் மிக்சி கிரைண்டர் கொடுத்துவிட்டுப் போனாராம். மைக்செட்டுக்காக அந்த வட்டாரம் முழுக்க மத்தியானம் போன கரண்டைப் பாதியிலேயே திரும்ப விட்டு, பிறகு நிறுத்தவே இல்லையாம். பக்கிரி டோக்கனை ஆட்டிக்கொண்டு வந்து சாயங்காலம் சொன்னார்.

அதற்குள் ஐயாவு ஃபியூஸைப் பிடுங்கிக் கயிற்றையும் அறுத்துவிட்டிருந்தார். இருவரும் கொல்லையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ ஏன் கத்தல?" என்றாள் காத்தாயி.

"வாய் வரல."

"வரலயா, வுடலயா?"

ஐயாவு கையில் காய்ந்திருந்த சேற்றைத் தேய்த்து உதிர்த்தார். "நாத்தப் பாத்துக்கிட்டு நின்னேன் புள்ள. அது மட்டுந்தான் தெரிஞ்சுது."

"கரண்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவாரா?"

"நீ அவரு உசுரக் காப்பாத்திருக்க."

"அதக் கேக்கல நான்."

"போடுவாரு," என்றார் ஐயாவு.

வெள்ளிக்கிழமை காலை மின்வாரிய ஜீப் வந்தது. வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. வரப்பில் நின்று நாற்றைப் பார்த்து, "எழுதிக் குடுத்திருக்காங்கம்மா, நாங்க பாக்காம போவ முடியாது," என்றார். வீட்டு இணைப்பில் விவசாயத்துக்குத் தண்ணீர், தவறான வயரிங்கால் உயிராபத்து. இரண்டும் உண்மை. கம்பத்திலிருந்து வந்த கம்பியை வெட்டிச் சுருட்டினார்கள். ஜும்மா முடிந்து மீரா உசேன் பையோடு வந்தபோது கம்பத்தையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பையைத் திறக்காமலே வைத்துக்கொண்டார்.

"காலையில வந்திருக்கணும்க்கா," என்றார்.

"வந்திருந்தாலும் அவுங்க வந்திருப்பாங்க பாய். டீ குடிங்க. தெருப் பைப்புத் தண்ணிதான்."

குடத்தில் தூக்கினார்கள். விடியுமுன் அடிபைப்பில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் காத்தாயி அடிக்க, ஐயாவு நொண்டிக்கொண்டே சுமந்தார். மூன்றாம் நாள் பக்கிரியின் பெண்டாட்டி நாகம்மாள் வந்து குடத்தைப் பிடுங்கினாள். சண்டைக்குத்தான் வந்தாள் என்று காத்தாயி நினைத்தாள். "இடுப்ப ஒடிச்சுக்கிட்டுக் கெடக்காத, நீ அடி, நான் தூக்குறேன்," என்று அவள் இரண்டு நடை தூக்கினாள். மணல் எல்லாவற்றையும் குடித்தது. நாற்றின் நுனி முதலில் மஞ்சளானது, பிறகு வைக்கோல் நிறமானது. கொக்குகள் வருவதை நிறுத்திக்கொண்டன. பசுவை அவிழ்த்து நாற்றங்காலில் மேயவிட்ட அன்று ஐயாவு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஐப்பசி பிறந்து சில நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நாற்று விலைக்குக் கேட்டுத் தலைஞாயிறு வரை போய்ப் பார்த்தார்கள். எவரிடமும் மிச்சம் இல்லை.

தை மாதம் தீர்ப்பு பஞ்சநதம் பக்கம் ஆனது. பங்குனியில் மூன்று மாவிலும் மனைக்கல் நட்டார்கள். அபராதம் கட்டிய பிறகு வீட்டுக்கு இணைப்பு திரும்ப வந்தது. மீரா உசேன் எர்த் குழியில் புதுக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தொட்டியில் புதுப் பந்து மாட்டினார். மெயின் பெட்டியில் ஃபியூஸைச் செருகியதும் மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்ததும் தானே நின்றது.